வளர்மதியின் கன்னம்

அறிவழகன் கை வைத்தால் எந்த முகத்துக்கும் களை வந்துவிடும் என்று அரியலூரில் பேச்சு. அதை அவனும் நம்பியதுதான் கேடு.

அன்று அவன் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்தவள் ரெட்டிபாளையம் குஞ்சம்மாள். கையில் மகள் வளர்மதியின் போன். மருமகன் ராஜவேல் அறைந்ததில் மகள் கன்னத்தில் பதிந்த விரல் தடம் அதில் இருந்தது. கன்னம் இப்போது ஆறிவிட்டது. சாட்சி அந்த ஒரு படம்தான், அதுவும் டியூப்லைட் வெளிச்சத்தில் மங்கிக் கிடந்தது.

"ஸ்டேசன்ல ஒண்ணுந் தெரியலங்கிறாங்க தம்பி. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு நிக்கிறான் அவன். போனா கொன்னுடுவான். செத்த தெளிவா ஆக்கிக் குடுங்க."

அறிவழகனுக்கு நெஞ்சு பதறியது. பதற்றம் இரண்டு நிமிடம், பிறகு தொழில் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. கேபிள் மாட்டி, போனிலிருந்த படத்தையே திறந்தான். வெளுப்பையும் கருப்பையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள மங்கல் நிறங்களைப் பிரித்துக் காட்டும் கிளாரிட்டியை ஏற்றினான். தடம் தெரிந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம், பாவி. இன்னும் ஏற்றினான். விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்னஸையும் கூட்டினான். ஐந்து விரலும் சற்றுமுன் விழுந்ததுபோல் நின்றன. பழக்க தோஷத்தில் மூலையில் ஸ்டுடியோ பெயரைத் தங்க எழுத்தில் போட்டு, அசலின் மேலேயே சேவ் செய்து கொடுத்தான்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு ராஜவேலோடு அறிவழகனையும் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. படத்தைப் பெரிதாக்கினார். தடத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, ஷார்ப்னஸ் மிஞ்சினால் வருவது.

"கல்யாண ஆல்பமாடா இது? பேரெல்லாம் போட்டிருக்க! விரலையும் நீயே வரைஞ்சியா?"

"அடி நெசம் சார். நான் தெளிவாத்தான் ஆக்குனேன்."

"ஒரிஜினலக் காட்டு."

அது எங்கேயும் இல்லை. ராஜவேல் வாய்விட்டுச் சிரித்தான். பொய்ப் புகார் என்று குஞ்சம்மாளைத் திட்டி அனுப்பினார்கள். வளர்மதி கணவனின் பைக்கில் ஏறி வேப்பந்தட்டை போய்ச் சேர்ந்தாள்.

மூன்று மாதம் கழித்து ராஜவேல் மனைவியோடு அந்த ஸ்டுடியோவுக்கே வந்தான், கல்யாண நாள் போட்டோ எடுக்க. வழியில் பெரம்பலூரில் ஸ்டுடியோ இல்லாமலா? வேண்டுமென்றேதான் வந்தான். வளர்மதியின் இடது கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது.

"ஒங்க கைவேலைய ஸ்டேசனே பாத்துதே தம்பி. இவ மூஞ்சில அந்தக் கறுப்பு தெரியாம பண்ணுங்க" என்றான், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து.

அறிவழகன் இருவரையும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் திறந்தான். கிளாரிட்டியை இடப்பக்கம் இழுத்துக் குறைத்தான். நீலம் கரைந்து போனது.

இந்தத் தடவை அசலை மறக்காமல் தனியாக எடுத்து வைத்தான். அதைக் கேட்டு யாரும் வரவில்லை.