அறுபத்தொரு விண்ணப்பங்களும் ஒரு விடுபட்ட வரியும்

1

இந்தக் கதை என் பிழையில் பிறந்தது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முந்தைய மூன்று வரைவுகளில் சொல்லவில்லை. அவற்றில் கிருஷ்ணராஜ் என்றொரு கம்பியூட்டர்காரர் இருந்தார். பிழை முழுவதையும் அவர் தலையில் கட்டியிருந்தேன். (அப்படி ஒருவர் இல்லை. பாவம், மீசைகூட வைத்துவிட்டிருந்தேன்.)

2

தொடக்கங்கள்:

வெள்ளவத்தையில் கடற்காற்று அன்று...

வேண்டாம். வெள்ளவத்தைக் கதை எல்லாவற்றிலும் அது வீசுகிறது.

டி.என்.எஸ். சேர்வரின் மனசுக்குள்...

அதற்கு மனசு கிடையாது.

சரி, நடந்ததையே சொல்கிறேன். சுபோதினி மிஸ் வெள்ளவத்தையில், ஒரு சாறிக்கடைக்கு மேல் மாடியில், டியூஷன் வகுப்பு நடத்துகிறார். இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்வது நான். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் ஆசிரியர் தேவைப்பட்டார். வழமையான மின்னஞ்சலில் பெற்றோரின் முறைப்பாடுகள் குவிவதால், விண்ணப்பங்களுக்குத் தனி முகவரி கேட்டார். அவருடைய இணையப் பெயருக்கு, அதாவது டொமைனுக்கு, கீழே 'வேலை' என்று ஒரு கிளைப்பெயர், சப்டொமைன், செய்து கொடுத்தேன். விளம்பரமும் போனது.

மூன்று வாரம். ஒன்றுகூட வரவில்லை.

"ராகுலன், சனத்துக்கு வேலையே வேண்டாமாமோ?"

"விளம்பரம் சரியாப் போய்ச் சேரேல்லையாக்கும் மிஸ்."

(சோதித்துப் பார்க்காமல் சொன்னேன். குறித்துக்கொள்ளுங்கள்.)

3

ரஜனி என்றொருத்தி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து நேரிலேயே வந்தாள். நான் அப்போது அங்கே பிரின்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், மூணு வாரமாச்சு. வேணாம்னாவது ஒரு பதில் போட்டிருக்கலாமே."

"நீங்கள் அனுப்பினாத்தானே தங்கச்சி பதில் போட."

இரண்டாம் வரைவில் ரஜனி இந்த இடத்தில் கத்தினாள். வெட்டிவிட்டேன். உண்மையில் அவள் போனை நீட்டியபடி நின்றாள், அவ்வளவுதான். மிஸ் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்க்கும்வரை கையை இறக்கவில்லை. விளம்பரம் வந்த அன்றே அனுப்பியிருந்தாள்.

மிஸ் அவளை உட்காரவைத்துப் பத்து நிமிடம் பாடத்தில் கேள்வி கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"நாளைக்கே வாங்கோ. வேற ஒருத்தரும் கேக்கேல்லை."

ரஜனி அப்போதுதான் சிரித்தாள்.

"ராகுலன், அந்த மெயில் எங்க போனதெண்டு ஒருக்காப் பாரும்."

4

வாசகரே, இந்தப் பகுதி கொஞ்சம் வறட்சி. சுருக்கமாக முடிக்கிறேன்.

ஒரு பெயருக்கு வரும் மின்னஞ்சலை எந்தக் கணினியில் சேர்க்கவேண்டும் என்று சொல்லும் ஒரு வரி, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ். சேர்வரில் இருக்கும். எம்.எக்ஸ். பதிவு என்போம். பெரிய டொமைனுக்கு எழுதிய வரி சப்டொமைனுக்குப் பொருந்தாது, அதற்குத் தனியாக எழுதவேண்டும். நான் எழுதவில்லை. பெரிய டொமைனுக்கு அந்த வரி உண்டா என்று சேர்வரைக் கேட்டேன், விடை வந்தது. சப்டொமைனுக்குக் கேட்டேன், வெறுமை.

அந்த வரி இல்லாவிட்டால் மின்னஞ்சல், அந்தப் பெயரின் இணையத்தளம் இருக்கும் கணினிக்கே போய்விடும். அங்கே எவரும் கவனிக்காத பழைய மெயில் புரோகிராம் ஒன்று வந்ததையெல்லாம் மரியாதையாக வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் எவருக்கும் திரும்பிப் போகவில்லை.*

திறந்தேன். அறுபத்தொன்று.

* திரும்பிப் போயிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருப்பேன். இந்தக் கதையும் இருந்திராது.

5

இங்கே எழுதுகிறவன் நிற்கிறான்.

"ரஜனியின்ர மட்டும்தான் இருக்கு மிஸ்" என்றால் போதும். வரியைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம். மிஸ்ஸுக்கு ஆசிரியர், ரஜனிக்கு வேலை, எனக்கு மானம். ஒரே அறையில் மூன்று பேருக்குச் சந்தோஷம். மற்ற அறுபது பேருக்கும் கடைசிவரை எதுவும் தெரியாது.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நம்புங்கள், நம்பாமல் விடுங்கள், வந்தது வேறு.

"மிஸ், அறுபத்தொண்டு இருக்கு. சேர்வர் பிரச்சினை."

ரஜனியின் சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பினாள்.

"சேர்வர்னா யாருங்க?"

கேலியா, உண்மையாகவே கேட்டாளா, இன்றுவரை தெரியவில்லை.

"நான்தான். ஒரு வரி எழுத மறந்திட்டன்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "உமக்கு எத்தினை வருஷ அனுபவம்?"

"பதினொண்டு மிஸ்."

6

ஒரு வரைவில் ரஜனி, "மத்தவங்களும் பாவம், அவங்களையும் கூப்பிடுங்க மிஸ்" என்று பெருந்தன்மையாகச் சொன்னாள். வாசித்துவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் சொன்னது இது:

"அப்ப என்னை நாளைக்கு வரச் சொன்னது?"

கீழே பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. மிஸ் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னார்: எல்லோருக்கும் பதில் போகும். ஆறு பேரைச் சனிக்கிழமை கூப்பிட்டு ஆளுக்கொரு பாடம் எடுக்கச் சொல்வோம், அதில் ரஜனி ஒருத்தி.

"சரிங்க மிஸ்" என்று பையை எடுத்துக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை.

வரியைச் சேர்த்தேன். ஒரு மணித்தியாலம் பொறுத்து ஒரு சோதனை மெயில் அனுப்பினேன். வந்தது. பிறகு மன்னிப்புக் கடிதம்.

தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தங்கள்...

அழித்தேன். 'நான் மறந்துவிட்டேன்' என்று எழுதி அறுபத்தொரு பேருக்கும் அனுப்பினேன்.

7

இன்று வெள்ளிக்கிழமை. எழுதியதை ரஜனிக்கு அனுப்பி, அவள் பெயரைப் போடலாமா என்று போனில் கேட்டேன். ஓமென்றாள். உற்சாகம் வந்து, கைவசமிருந்த முடிவுகளையும் சொன்னேன். ஒன்றில் வேலை கிடைக்கிறது. இன்னொன்றில் அது சாரங்கன் என்றொருவருக்குப் போய், ரஜனிக்கு இதைவிட நல்ல இடம் அமைகிறது. மூன்றாவது...

"ராகுலன் அண்ணே."

"சொல்லுங்கோ."

"முடிவை நீங்க எழுதாதீங்க. என் விஷயத்துல ஏற்கெனவே ஒரு தடவை கை வச்சிட்டீங்க. வைக்கிறேன், நாளைக்கு எடுக்கிற பாடத்துக்குப் படிக்கணும்."