சிரிப்பு அடங்கும்வரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. இரங்கல் உரையாக எழுதினேன். மேடையில் இதிலிருந்து ஒரே ஒரு வரியைத்தான் பேச முடிந்தது. மிச்சம் வீணாகப் போகிறதே என்று கதையாக்கிக்கொண்டிருக்கிறேன்.

இறந்தவன் பொன்னுரங்கம். மயிலாப்பூர் சபா நாடகங்களில் நானும் அவனும் ஜோடி. தலை நரைக்கும்வரை ஒன்றாகச் சிரிப்புக் காட்டினோம். நான் இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை தெரியாது.

2

உரையின் தொடக்கங்கள், அடித்ததை அப்படியே விட்டிருக்கிறேன்:

“பொன்னுரங்கம் ஒரு மாபெரும்—” (வேண்டாம். ஆள் ஐந்தடிகூட இல்லை.)

“கலையுலகில் ஈடுசெய்ய முடியாத—” (ஈடுசெய்தாகிவிட்டது. சனிக்கிழமை நாடகத்துக்கு அசோக் நகரிலிருந்து ஒருவர் வருகிறார். தொப்பைகூட அதே அளவு.)

“சிரிப்பின் மறுபக்கம் என்பது—” (இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே விளங்கவில்லை.)

கஷ்டத்துக்குக் காரணம் அவன் மனைவி மீனாட்சி. ஆழ்வார்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல், ஒரே ஒரு கட்டளை போட்டாள்.

“அண்ணே, நீங்க பேசறப்ப ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. அவரச் சிரிச்சே கொன்னுட்டாங்க.”

நாங்கள் மேடையில் கேட்டு மகிழ்ந்த பாராட்டு இது. சிரிக்க வைத்தே கொன்றுவிட்டீர்கள் சார் என்று ஜனங்கள் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். மீனாட்சி இதை அப்படிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

3

நடந்தது இது. லஸ் முனையில் பொன்னுரங்கத்துக்கு நெஞ்சு வலித்தது. மார்பைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். பக்கத்தில் மீனாட்சி. டிரைவருக்கு முகம் தெரிந்துவிட்டது.

“இன்னா சார், டிராமா ரிகர்சலா?”

வலிக்கிறது என்றான் பொன்னுரங்கம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் எதைச் சொன்னாலும் சிரிப்பு வரும். சொந்த அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோதே இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள். டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்து முடித்துத்தான் வண்டியைக் கிளப்பினான். ஆஸ்பத்திரி வாசலில் பொன்னுரங்கத்தை இறக்கும்போது உயிர் இல்லை.

இந்த டிரைவரைக் கதையில் வில்லனாக்குவதென்று முடிவு செய்தேன். சிவந்த கண், பெரிய மீசை எல்லாம் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். ஆனால் ஆசாமி சாவு வீட்டுக்கு மாலையோடு வந்து, உள்ளே வரத் தைரியம் இல்லாமல், தெருமுனையில் நின்று அழுதுகொண்டிருந்தான். பெயர் ஆண்டனி. மீசையே கிடையாது. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிக் கதை எழுதுவது?

4

தொழில் பற்றிக் கொஞ்சம். (அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். பிறகு முடிவு புரியவில்லை என்று என்னிடம் வரக் கூடாது.)

எங்கள் நாடகம் ஒன்றில், மாமியாரை ஏமாற்ற நான் அழுதுகொண்டே வந்து ஒரு பொய் சொல்வேன்: “மாப்பிள்ளை நம்மை விட்டுப் போயிட்டார்.” அந்த நேரம் பார்த்து, மேடையின் இடப்பக்கத்திலிருந்து மாப்பிள்ளை பொன்னுரங்கம் இடுப்பில் துண்டும் முகத்தில் சோப்பு நுரையுமாக வந்து நிற்பான். சபை வெடிக்கும். அவன் வாயே திறக்க மாட்டான். கடைசி ஆள் சிரித்து ஓய்ந்த பிறகுதான் வசனம்: “எங்க போனேன்? குளிக்கத்தான போனேன்?”

ஒருமுறை அடையாறில் அவன் அப்படி நின்றபோது, முன்வரிசைக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போய், ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சிரித்தார். சத்தியம். அவர் வீட்டு ரசம்கூட எனக்குத் தெரியும்.

நான் பொறுமை இல்லாதவன். இடையில் புகுந்து பேசிவிடுவேன். திரைக்குப் பின்னால் பொன்னுரங்கம் பிடித்துக்கொள்வான். “சிரிப்பு அடங்கங்காட்டியும் பேசாத நைனா. அவன் சிரிச்சிக்கினு கீறான், உன் டயலாக்க எவன் கேப்பான்?”

5

இரங்கல் கூட்டம், அதே சபா, அதே மேடை. செயலாளர் ஜவஹர் என்னை ஓரம் கட்டி, “ரொம்ப டல்லடிக்காம பேசுங்க சார்” என்றார். முன்வரிசையில் மீனாட்சி. மௌன அஞ்சலி நல்லபடியாக முடிந்தது. போன் ஒன்று மட்டும் பாடியது.

என் முறை. அலங்காரம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஒரு குழந்தைகூடச் சிரிக்க முடியாத எளிமையான வரியோடு போயிருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

“பொன்னுரங்கம் நம்மை விட்டுப் போயிட்டார்.”

கடைசி வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு சபையே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் மேடையின் இடப்பக்கத்தைப் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன்.

அங்கே ஒரு மின்விசிறியும் மடக்கிய நாற்காலிகளும் இருந்தன.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் சிரிப்பு அடங்குமுன் பேசக் கூடாதே. நின்றேன். நான் துக்க முகத்தை வைத்துக்கொண்டு நிற்க நிற்க, அவர்கள் மேலும் சிரித்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அவன் சொன்னபடி செய்தேன், அதுவும் இந்த இடத்திலா?

6

முடிவுகள்:

அ) மீனாட்சி எழுந்து வெளியே போகிறாள். (நியாயம்தான். ஆனால் மூட்டுவலிக்காரி, வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கூட்டமே கலைந்துவிடும்.)

ஆ) மீனாட்சியே எழுந்து, “எங்க போனேன்?” என்று அவன் வசனத்தைச் சொல்கிறாள். சபை அழுகிறது. (பொன்னுரங்கம் கேட்டால் காறித் துப்புவான். ஜவஹர் கைதட்டுவார்.)

இ) இடப்பக்க வாசலோரம் காக்கிச் சட்டையில் ஆண்டனி. என் கண்ணில் பட்டவர்களில் அவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. (இது நான் கட்டிய கதை இல்லை. நின்றுகொண்டிருந்தான். ஆனால் இதை வைத்து என்ன செய்வது?)

மீனாட்சி சிரித்தாளா, அழுதாளா, அவளும் இடப்பக்கம் பார்த்தாளா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நான் அந்த இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சிரிப்பு அடங்கிவிட்டது. யாரோ இருமுகிறார்கள், அவ்வளவுதான். அடுத்த வசனம் அவனுடையது. அவன் பேசாமல், வாங்கிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் டிக்கெட் வாங்கினவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் எப்படி?

யாராவது எடுத்துக் கொடுங்களேன்.