மெத்தைக் கடைக்குள் ஒரு பேச்சு

1.

இந்தக் கதை எனக்கு அடுப்படியில் கிடைத்தது. அண்ணி பட்டாணி உரித்துக்கொண்டே, "இன்னைக்கு என் பேச்சுக்குக் கை தட்டிட்டாங்க" என்றார். கை தட்டினால் சந்தோஷம்தானே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் ஒரு பிடி பட்டாணியை எடுத்துக்கொண்டேன்.

அண்ணி, என் அண்ணனின் மனைவி. ஊரைச் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். அரண்மனையும் பூங்காவும் மற்ற வழிகாட்டிகளுக்கு. அண்ணிக்கு ஒரே நடைதான். ஒரு காலத்தில் இந்த நகரத்தில் ஓர் இயக்கம் முளைத்தது. பிறகு நாட்டையே பிடித்தது. தங்களைப் போல் இல்லாதவர்களை வீடு வீடாக வந்து கூட்டிக்கொண்டு போனது. போனவர்கள் திரும்பவில்லை. அது எங்கே, எப்படித் தொடங்கியது என்பதைத் தெருத்தெருவாக நடத்திக் காட்டுவார்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வரலாறு என்பது நம் காலடியில் உறங்கும்…'

வேண்டாம். அண்ணி படித்தால் சிரிப்பார். இரண்டாவது தொடக்கம்: 'அன்று காலை வானில் கருமேகங்கள்…'

மேகம் இருந்ததா என்பதே எனக்குத் தெரியாது. (கேட்டேன். "தூறல் இருந்துச்சு. அதான் அந்த ஆள் எனக்குக் குடை பிடிச்சுட்டே வந்தார்" என்றார். சரி, அன்று நடைக்கு வந்த அந்த ஆளுக்குக் 'குடைக்காரர்' என்று ஒரு பெயராவது கிடைத்தது.)

2.

நடை ஒரு முடிதிருத்தகத்தின் வாசலில் தொடங்கும். அதன் மாடியில்தான் முதலில் எட்டுப் பேர் கூடினார்கள். "கீழே ஓடின கத்தரிக்கோல் சத்தம்கூட இவங்க பேச்சைவிடப் பலமா இருந்திருக்கும். யாரும் கண்டுக்கல" என்பார் அண்ணி. அடுத்து, அவர்களுடைய துண்டறிக்கைகள் அச்சான இடம். இப்போது அங்கே ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். கடைசியாக, முதல் பொதுக்கூட்டம் நடந்த அரங்கம். அது இன்று மெத்தைக் கடை. யாரும் மெத்தைமேல் உட்காரக் கூடாது என்ற நிபந்தனையோடு கடைக்காரர் உள்ளே விடுவார்.

இயக்கத்தின் தலைவன் வெளியாட்கள் முன் முதன்முதலாக வாயைத் திறந்தது அங்கேதான். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு இருக்கிறது. அண்ணி அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து, கட்டில்களுக்கு நடுவே நின்று பேசிக் காட்டுவார். தணிந்த குரலில் தொடங்குவார். பசியைச் சொல்வார், அவமானத்தைச் சொல்வார், இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேட்டு, தூக்கிய கையை அப்படியே நிறுத்துவார். கூட்டம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்கள் வருவதே அந்தப் பேச்சுக்காகத்தான்.

பேச்சு முடிந்ததும் அந்தக் காலத்துக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அரங்கமே சிரித்தது. அதுவும் பதிவில் உண்டு. ஆனால் அண்ணி அதற்கு முன்பே முடித்துவிடுவார். உச்சத்தில் நிறுத்தினால்தான் எடுபடும் என்று நடையை ஏற்பாடு செய்யும் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

3.

குடைக்காரர் இங்கே வருகிறார். முதல் வரைவில் அவருக்கு நெற்றியில் ஒரு தழும்பும் முறைக்கும் கண்களும் கொடுத்திருந்தேன். அண்ணி படித்துவிட்டு, "ஏன் இப்படிப் பொய் எழுதற? நல்ல முகம். படியில இறங்க முடியாம நின்ன ஒரு அம்மாவைக் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டார்" என்றார். தழும்பை எடுத்துவிட்டேன். ஆள் இன்னும் பயங்கரமாகிவிட்டார்.

முதலில் கை தட்டியவர் அவர்தான். கூட வந்த நண்பர்கள் தட்டினார்கள், பிறகு எல்லோரும். தன் நடிப்புக்குத்தான் என்று அண்ணி நினைத்தார். வாசலில் குடையை விரித்தபடி அவர் கேட்டார்.

"மேடம், நீங்க சொன்னதுல தப்பு எங்க இருக்கு?"

"நான் சொல்லலைங்க. அவன் சொன்னது."

"யார் சொன்னா என்ன? எங்க பட்டறையை மூடினப்ப ஒருத்தர்கூட எங்களுக்காக இப்படிப் பேசல."

"அதுக்கப்புறம் அவங்க என்ன செஞ்சாங்கன்னும் சொன்னேனே."

"அது பின்னாடி நடந்தது. இது வேற" என்றார் அவர், மிக மரியாதையாக.

(இந்த இடத்தில் தலைவனின் பேச்சை நான் எழுதியாக வேண்டும். எழுதினேன். நன்றாகவே வந்தது. படித்துப் பார்த்த ஒரு தோழி, "இதுல பாதி நியாயம்தானே" என்றாள். அழித்துவிட்டேன். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. என் எழுத்தின் மேல்தான் இல்லை.)

4.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்" என்று அன்று அண்ணனிடம் சொன்னார் அண்ணி. அண்ணன் சலவைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்திட வேண்டியதுதானே?"

"நிறுத்தினா ஆள் வராது."

"வரலைன்னா பூங்காவைக் காட்டு."

அவர் இலேசாகத்தான் சொன்னார். ஆனால் மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

5.

அடுத்த வாரம் குடைக்காரர் மறுபடி வந்தார், இரண்டு நண்பர்களோடும் தன் அம்மாவோடும். "நீங்க பேசறதை இவங்களும் கேக்கணும்" என்றார். மெத்தைக் கடைக்குள் போனதும் அண்ணி, "இங்கதான் அந்தப் பேச்சு நடந்தது. இன்னைக்கு நான் அதைப் பேசப் போறதில்லை" என்றார். குழுவில் முணுமுணுப்பு.

"பரவாயில்ல மேடம், போன வாரம் நீங்க பேசினதை போன்ல எடுத்து வெச்சிருந்தேன், எனக்குத் தெரியும்" என்று முன்னால் வந்தார் குடைக்காரர்.

பேசினார். தலைவனைப் போல் அல்ல. அண்ணியைப் போல. அதே தணிந்த தொடக்கம், அதே மூச்சு, அதே இடத்தில் கை உயர்ந்து நின்றது. தன் குரல் அடுத்தவர் தொண்டைக்குள் குடியேறியிருப்பதை அண்ணி கேட்டுக்கொண்டு நின்றார்.

யாரோ கை தட்ட ஆயத்தமானார்கள். அதற்குள் அண்ணி போய்க் குழுவின் நடுவே நின்றுகொண்டு, பதிவில் இருந்த அந்தப் பெண்ணின் கேள்வியைக் கேட்டார். நடிக்கவில்லை. வீட்டில் பேசும் குரல்.

"ஐயா, நீங்க சொல்ற அந்த ஆளுங்கள்ல என் வீட்டுக்காரரும் ஒருத்தர். நாங்க எங்க போறது?"

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்: அண்ணனும் நானும் அந்த 'ஆளுங்க'தான். எங்கள் அப்பாவின் வீட்டிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்களும் திரும்பவில்லை. தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் நீங்கள் எங்களுக்காக இரக்கப்பட்டுவிட்டு, குடைக்காரரைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

யாரும் சிரிக்கவில்லை. குடைக்காரர் கையை இறக்கினார்.

"கேக்கறாங்க இல்ல, பதில் சொல்லுப்பா" என்றார் அவர் அம்மா.

6.

இங்கே அவரை அழ வைத்து ஒரு முடிவு எழுதினேன். சிரித்துவிட்டுப் போக வைத்து இன்னொன்று. இரண்டுமே எனக்குச் சௌகரியமானவை, நடக்காதவை.

நடந்தது இது. அவர் அண்ணியைக் கனிவாகப் பார்த்து, "நீங்க பயப்படாதீங்க மேடம். உங்களையும் உங்க வீட்டுக்காரரையும் நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்றார்.

"நாங்கன்னா யாருப்பா?" என்று கேட்டார் அம்மா.

குடைக்காரர் நண்பர்கள் பக்கம் திரும்பினார். அவர்களில் ஒருவர் தரையைப் பார்த்தார். மற்றவர் குடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மகனுக்காகக் காத்திருக்காமல் தனியாக வெளியே நடந்தார்.

"அப்ப நீங்க என்ன பண்ணீங்க அண்ணி?" என்றேன்.

"நான் மத்தவங்களைப் பார்த்துட்டிருந்தேன். முன்ன பின்ன தெரியாதவங்கதான், ஆனா நல்ல கூட்டம் அது. யாராவது ஒரு வார்த்தை பேசுவாங்களான்னு."

"பேசினாங்களா?"

அண்ணி பதில் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை. நீங்களும் அந்தக் குழுவில்தான் நின்றிருந்தீர்கள்.