ஒரே பாயில் காய்ந்தவை

எர்ணாவூர்ச் சந்துக்குள் தண்ணீர் புகுந்த மூன்றாம் நாள் காலையில், இருதயம்மாள் மாடிப்படியில் குனிந்து பார்த்தாள். நேற்று மாலை எட்டாவது படியில் சாக்பீஸால் அவள் போட்ட கோடு அப்படியே இருந்தது. தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேலே கறுப்பாக எண்ணெய் ஆடை கட்டியிருந்தது. எந்த ஆலையிலிருந்து வந்ததோ, மண்ணெண்ணெயும் தாரும் கலந்தாற்போல் ஒரு நாற்றம் வீட்டுக்குள் ஏறித் தங்கிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ரெண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் இரண்டு நாள் பட்டினி கிடந்தவள் அவள். அதற்குப் பிறகு மொட்டை மாடியில் பை பையாக மண் நிரப்பி, கொத்தவரையும் சுண்டைக்காயும் கத்தரியும் மிளகாயும் வளர்த்தாள். கோடைக்குக் கோடை அவற்றை வத்தல் போட்டாள். காசிமேட்டு மீன் துறையில் நெத்திலியும் வாளையும் வாங்கி உப்பிட்டுக் கருவாடாக்கினாள். மாடி அறைப் பரணில் டின் டின்னாக ஒரு மாதச் சாப்பாடு இருந்தது. ஒவ்வொரு டின்னிலும் காலண்டர் தாளைக் கிழித்துப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தாள். புயல் என்று சொன்ன அன்றே கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் மேலே ஏற்றிவிட்டாள்.

தண்ணீருக்கு மட்டும் மேலே இருக்கும் தொட்டியை நம்பினாள். முதல் நாள் வெள்ளம் வாசலைத் தொட்டதும் அவள் புருஷன் அருள்பிரகாசம், கரண்ட் போவதற்குள் தொட்டியை நிரப்பிவிடலாம் என்று மோட்டாரைப் போட்டார். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் கீழ்த்தொட்டி மூடியின் இடுக்கு வழியே எண்ணெய்த் தண்ணீர் இறங்கியிருந்தது. மறுநாள் குழாயைத் திறந்தபோது கறுப்பாகக் கொட்டியது. மழையோ அதற்குள் விட்டுவிட்டது. தொட்டி இருக்கிற தைரியத்தில் மழைக்கு ஒரு வாளிகூட வெளியே வைத்திருக்கவில்லை. அடுக்களைக் குடத்தில் இருந்த அரைக் குடம்தான் மிச்சம். அதுவும் இன்று காலை மாத்திரைக்கு ஊற்றியதோடு தீர்ந்தது.

அருள்பிரகாசம் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர். இப்போது இதயம் பலவீனம். படுத்தால் மூச்சு முட்டும். உப்புத் தின்றால் கால் வீங்கும். உப்பு இவருக்கு விஷம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து கருவாட்டு டின்னை அவள் பூட்டி வைத்திருக்கிறாள்.

"இன்னாமே, ஒரு மோர் மொளகாயாவது வறுத்துக் குடேன். வாய் நமநமன்னு கீது."

"வறுத்துத் தரேன். அப்புறம் தண்ணி தண்ணின்னு கத்துவ. எங்க போய் எடுத்தார்றது, அந்த கலீஜ்லர்ந்தா?"

"மாசத்துக்கு சேத்து வெச்சிகிறேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தியே."

அவள் பரணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரிசி வேகத் தண்ணீர் வேண்டும். கருவாட்டைக் கழுவத் தண்ணீர் வேண்டும். வத்தலை எண்ணெயில் வறுக்கலாம், ஆனால் அத்தனையும் உப்பு. தின்றால் தாகம் எடுக்கும். வெயிலில் ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீரை வாங்கி வாங்கித்தான் அவள் பத்திரப்படுத்தியிருந்தாள். இப்போது ஒவ்வொரு டின்னும் அந்தத் தண்ணீரைத் திருப்பிக் கேட்டது. பைகளில் இருந்த கீரையை நேற்றே உப்பில்லாமல் வதக்கிக் கொடுத்தாயிற்று.

நேற்று பெரிய ரோட்டில் ஒரு பைபர் போட் போனது. இவள் புடவையை ஆட்டிக் கூப்பிட்டதற்கு, பிள்ளைத்தாய்ச்சிகளை முதலில் ஏற்றுகிறோம், சந்துக்குள் நாளைக்கு வருகிறோம் என்றார்கள். அந்த நாளைதான் இன்று. போட்டைக் காணோம். அருள்பிரகாசத்தின் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது, நிரம்ப நேரம் எடுத்தது. தண்ணீர் இல்லாமல் கஞ்சி இல்லை. கஞ்சி இல்லாமல் வெறும் வயிற்றில் அடுத்த மாத்திரை போட்டால் வாந்தியில் போய்விடும். மாத்திரை தங்காவிட்டால் ராத்திரி மூச்சு என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

குடிக்கிற தண்ணீர் பத்தடி தூரத்தில் இருந்தது.

எதிர்மாடி மோகனப்ரியா தண்ணீர் கேன் ஏஜென்சி வைத்திருப்பவள். கீழே இருந்த கேன்களெல்லாம் மிதந்து போக, இரண்டு மட்டும் அவள் மாடியில் இருந்தன. ஒன்றின் மேல் அவள் மாமனார் சுயம்பு உட்கார்ந்திருந்தார். அவள் புருஷன் வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டுவிட்டான். அடுப்பும் மளிகையும் கீழே மூழ்கிக் கிடந்தன. பிஸ்கட் தீர்ந்து, இரண்டு பெண் குழந்தைகள் நேற்று சாயங்காலத்திலிருந்து அழுவதை இருதயம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கேட்டும் பேசவில்லை. நாலு மாசமாக அந்த வீட்டோடு பேச்சில்லை. அவர்கள் சைவம். அதற்கு முந்தி மூன்று வருஷம், கோடை முடிந்ததும் ஒரு பாட்டில் கொத்தவரை வத்தல் எதிர்வீட்டுக்குப் போகும். ஆகஸ்டில் ஒரு நாள் கருவாட்டு நாற்றம் என்று மோகனப்ரியா மாடிச்சுவரோரம் வந்து சத்தம் போட, இவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீ நாக்க சப்பிகினு துன்ன வத்தலும் இதே பாய்ல காஞ்சதுதான். மூணு வருசமா துன்னியே, எதுனா ஆச்சா?" என்று தெரு கேட்கச் சொன்னாள். பொய்யில்லை. அவளிடம் இருந்தது ஒரே பாய்தான். கழுவிப் போட்டால் பாய் சுத்தம் என்பது அவள் கணக்கு. அன்று எதிர்வீட்டு வத்தல் பாட்டில் குப்பை வண்டிக்குப் போனது.

இருதயம்மாள் மாடிச்சுவரோரம் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"மோகனா, ரெண்டு பாட்டில் தண்ணி குடும்மா. எங்க வூட்டுக்காரருக்கு மாத்திரை போட்டாவணும்."

மோகனப்ரியா திரும்பி மாமனாரைப் பார்த்தாள்.

"எத்தன நாளைக்கின்னு யாருக்குத் தெரியும்? நம்ம பிள்ளையளுக்கே இது காணாது" என்றார் சுயம்பு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"அரிசி நெறைய கீதுங்க. கேஸு கீது. தண்ணி குடுத்தா எல்லாருக்கும் சேத்து ஆக்கறேன். புள்ளைங்களுக்கு வத்தல் வறுத்துத் தரேன்."

"கருவாட்டுப் பாயில காஞ்ச வத்தலா? பட்டினி கெடந்து செத்தாலும் எம் பேத்திமாரு அதத் தின்ன வேண்டாம்."

சின்னவள் அழுதுகொண்டே அம்மாவின் நைட்டியைப் பிடித்து இழுத்தாள். மோகனப்ரியா மாடிச்சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, இந்த வீட்டுக்கு மட்டுமில்லை, அடுத்த வீட்டுக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க கோவத்துல தானே அப்டி சொன்னீங்க? ரெண்டும் வேற வேற பாய் தானே?"

கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம். அதற்குள் இருதயம்மாள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியாக வேண்டும். ஆம் என்றால் பொய், இல்லையென்றால் தண்ணீர் இல்லை. பின்னால் புருஷனின் மூச்சு விசிலடிப்பதுபோல் கேட்டது. எங்கே திரும்பினாலும் தண்ணீர், இறங்க இடமில்லை.

"கோவத்துல சொன்னதும்மா. பாய் வேற."

"சத்தியமா?" என்றார் சுயம்பு.

"சத்தியமா. பாய் வேற, குண்டான் வேற, கரண்டி கூட வேற."

"கரண்டியுமா?" என்றார் பின்னாலிருந்து அருள்பிரகாசம், மூச்சுக்கு நடுவில்.

"நீ சும்மா குந்து."

சுயம்பு கேன் மேலிருந்து எழுந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய் நின்றார். அதுதான் அவர் சம்மதம்.

துணிக்கொடிக் கயிற்றில் கல்லைக் கட்டி வீசினாள் மோகனப்ரியா. இரண்டாவது வீச்சில் பிடித்தாள் இவள். இரண்டு மாடிக்கும் நடுவில் ஒயர் கூடை போய்வர ஆரம்பித்தது. முதலில் இரண்டு பாட்டில், பிறகு இரண்டு. இருதயம்மாள் அளந்து அளந்து ஊற்றினாள். முதல் உலையில் உப்பில்லாத கஞ்சி. அருள்பிரகாசத்துக்கு ஆறு கரண்டி ஊட்டி, மாத்திரையை விழுங்க வைத்தாள். அவர் அதை உள்ளே தக்கவைக்கும் வரை பக்கத்திலேயே குந்தியிருந்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. வாந்தி வரவில்லை. அதன் பிறகுதான் அடுத்த உலையை ஏற்றினாள்.

சோறும் வறுத்த கொத்தவரை வத்தலும் தூக்குவாளியில் எதிர்மாடிக்குப் போயின. பிள்ளைகள் வத்தலை மொறுமொறுவென்று கடிக்கும் சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. கடைசியில் சுயம்பும் தட்டோடு உட்கார்ந்தார். வத்தலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார். அப்புறம் இன்னொன்று எடுத்தார்.

"எல்லாரும் என் வூட்டு வத்தல துன்றாங்க. எனக்குக் கஞ்சி" என்றார் அருள்பிரகாசம்.

"நீ பேச ஆரம்பிச்சிட்டியே, அது போதும்."

சாயங்காலம் கூடை திரும்ப வந்தது. இரண்டு பாட்டிலுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் பாய், மடித்து மடித்துச் சின்னதாக, நூல் போட்டுக் கட்டியிருந்தது. பச்சைக்கரை போட்டது, புதுசு. இருதயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மாமனார் தூரத்தில் கண்ணயர்ந்திருந்தார். மோகனப்ரியா கயிற்றை இழுத்துக் கட்டுவதுபோல் குனிந்தாள்.

"வெயில் வந்தா வத்தல இதுல போடுங்கக்கா" என்றாள் மெதுவாக. "நாலு வருசமா தினமும் இந்த மாடிலதான் துணி காயப் போடறேன். உங்க மாடில எத்தினி பாய் கீதுன்னு எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

இருதயம்மாள் பாயைப் பிரித்தாள். தரையின் ஈரம் ஏறாமல் இருக்க அதைப் புருஷனுக்கு அடியில் விரித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்தாள். கணுக்காலை அழுத்தினாள். இன்னும் குழி விழத்தான் செய்தது. பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தாள். நாளைக் காலை மாத்திரைக்கும் ஒரு கஞ்சிக்கும் வரும்.

பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். தண்ணீர் எட்டாவது படியிலேயே நின்றது. பழைய கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டுவிட்டு மேலே வந்தாள்.