வாளியில் இருந்த மீன்

அன்று காலை கடைக்குப் புறப்படும் முன் கனகராஜ் கடைசியாகச் செய்த வேலை, குளியலறையில் இருந்த நீல வாளிக்குள் காற்றுக் குழாயைச் சரிசெய்ததுதான். முந்தின நாள் வாங்கிவந்த தேன் நிறக் கௌராமி மீன் ஒன்று அதற்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு நாள் இதுலயே கெடக்கட்டும், லதா. என்ன சீக்கோட வந்திருக்கோ தெரியாது. தொட்டியில விட்றாத."

"இருக்கறதே ரெண்டு வாளி. அதுல ஒண்ணு உங்க மீனுக்கு. நான் செம்புல குளிக்கவா?" என்றாள் ஸ்வர்ணலதா.

"விருந்தாளில்லா? பொறுத்துக்க."

"விருந்தாளிக்குப் பேரு?"

"சாயந்தரம் வந்து வைப்போம். இன்னும் மூஞ்சியே சரியாப் பாக்கல."

தி.நகர் ஜவுளிக்கடையில் வேட்டிப் பிரிவு அவர் பொறுப்பு. மதியம் சாப்பிட்டதும் கிடங்கில் துணி மூட்டைகளுக்கு நடுவே பத்து நிமிடம் ஒருக்களித்துப் படுப்பார். அன்றும் படுத்தார். தூங்குகிறார் என்று நினைத்து முக்கால் மணி நேரம் யாரும் எழுப்பவில்லை.

மறுநாள் மயானத்திலிருந்து திரும்பிய ஆண்கள் எல்லோரும் கனகராஜின் அடையாறு வீட்டில் வரிசையாகக் குளிக்கவேண்டியிருந்தது. வாளி தேடி வந்தவள் கனகராஜின் அக்கா சண்முகவடிவு. திருநெல்வேலியிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தவள். தம்பி ஆசையாக வாங்கிய மீனைக் கூடத்துத் தொட்டியில் மற்ற மீன்களோடு விட்டுவிட்டு, வாளியைக் கழுவிக் குளிக்கக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அவளே சொன்னாள். "ஒத்தையில கெடந்துச்சு, லதா. பாவமேன்னு கூட்டத்துல சேத்துட்டேன்."

ஸ்வர்ணலதா எழுந்துபோய்த் தொட்டியைப் பார்த்தாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் நாள் தொட்டியில் இருந்த பழைய லோச் மீனின் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை போட்ட மீன் அது. பன்னிரண்டு வயது. அவர்களுக்குக் கல்யாணமான வருடம் வந்ததாலும், வேலை வெட்டி இல்லாமல் படுத்தே கிடப்பதாலும் அதற்கு மாப்பிள்ளை என்று பேர். அது தூங்குவதும் ஒருக்களித்துத்தான். செத்துவிட்டது என்று அவள் எத்தனையோ முறை அலறியிருக்கிறாள். கனகராஜ் வந்து கண்ணாடியில் நகத்தால் தட்டுவார். அது சாவகாசமாக எழுந்து போகும்.

இதையாவது விட்டுவிடக் கூடாது என்று இருந்தது அவளுக்கு. பதினாறு முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது என்பதால் திருவான்மியூர் மீன் கடை உமர் ஃபாரூக்குக்குப் போன் செய்தாள். அவர் போனதையும் மீன் மேல் புள்ளி வந்ததையும் சொன்னாள்.

"லோச் மேலயாக்கா கீது? அப்போ பாதி மருந்துதான். அதுக்குச் செதிலு ரொம்பப் பொடிசு, முழுசா ஊத்துனா தாங்காது. ஃபில்டர்ல கரி இருந்தா எடுத்துடு, மருந்தெல்லாம் அதுவே இழுத்துக்கும். காத்து நல்லா உடு. லைட்டு வாணாம்."

"லோச்சை மட்டும் வாளிக்கு மாத்தவா?"

"பிரயோசனமில்லக்கா. தொட்டி மணல் பூரா அந்தச் சீக்கு எறங்கியிருக்கும். எல்லாத்துக்கும் சேத்துத்தான் பண்ணணும். ரெண்டு வாரம் ஊத்து, புள்ளி போச்சேன்னு நடுவுல நிறுத்தாத."

அரை மணி நேரத்தில் அவனே மருந்தைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, அவள் சொட்டு எண்ணி ஊற்றினாள். தினமும் குழாய் விட்டு மணல் அழுக்கை இழுத்தாள், முதல் நாளே பிடித்துவைத்த தண்ணீரை மெதுவாகச் சேர்த்தாள்.

"புருஷன் போயி பத்து நாள் ஆகல, மீனுக்கு வைத்தியம் நடக்கு," என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

"அது எந்தம்பி வளத்தது," என்றாள் சண்முகவடிவு. "காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க."

மற்ற மீன்களின் மேல் புள்ளிகள் உதிரத் தொடங்கின. பதினோராம் நாள் காலை மாப்பிள்ளை மரக்கட்டைக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தது. ஸ்வர்ணலதா பதறவில்லை, பழகிய காட்சிதானே. வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள், பாத்திரம் கழுவினாள். பிறகுதான் வந்து கண்ணாடியில் நகத்தால் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

சண்முகவடிவு பக்கத்தில் வந்து நின்றாள். "லதா... நான் சேத்து விட்டேனே, அதனாலயா?"

அந்த முகத்தில் மூக்கும் நெற்றியும் அப்படியே அவருடையவை.

"இல்ல மதினி. அதுக்கு வயசாயிட்டு."

இருவருமாகப் பால்கனி செம்பருத்திச் சட்டியில் புதைத்தார்கள். மருந்தை அவள் நிறுத்தவில்லை, உமர் சொன்ன நாள்வரை ஊற்றினாள். நீல வாளி இப்போது குளிக்க மட்டும்தான். தொட்டி தெளிந்துவிட்டது. காலையில் தீனி போடப் போனால் அந்தக் கௌராமிதான் முதலில் மேலே வருகிறது. அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை.