போகிறவனும் இருக்கிறவனும்

ஆரின் டட்டிலுக்கு அந்த வாரம் முழுக்க வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஊரில், கனெக்டிகட்டில், இந்நேரம் புல் அறுப்பு முடிந்திருக்கும். அவனோ அமெரிக்க உள்நாட்டுப் போருக்காகத் தெற்கே வந்து, லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றங்கரைச் சேற்றில், எதிரியின் கோட்டையைப் பார்த்தபடி பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தான். ஒன்பது மாதச் சேவகம் என்று நம்பித்தான் அவனும் தம்பி ஆசாவும் படையில் சேர்ந்தார்கள். அவன் கணக்கில் அது எப்போதோ முடிந்துவிட்டது. ராணுவத்தின் கணக்கு வேறு. படையின் கடைசிக் கம்பெனி என்றைக்குச் சத்தியப்பிரமாணம் செய்ததோ, அன்றிலிருந்துதான் எல்லாருக்கும் மாதம் ஓடுமாம். அந்தக் கடைசிக் கம்பெனிக்காரர்கள் குடித்துக் கும்மாளமடித்து ஆடி அசைந்து வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் போதைக்கு இவன் தண்டம் அழ வேண்டியிருந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாமான் கொட்டகை சார்ஜென்ட் பிளாட்ஜெட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. பூட்ஸ் வாயைப் பிளந்துவிட்டது என்று போய் நின்றால், "ஊருக்குப் போறவனுக்கு எதுக்குப்பா புது பூட்ஸு? மூணு வருஷத்துக்குன்னு சேந்தவன்தான் இருக்கப் போறவன், அவனுக்குக் குடுக்கணும்" என்பார். அதே மனிதர் மாலையில் மண்வெட்டியை நீட்டி, "இன்னும் இங்கதானே இருக்க? போய் வெட்டு" என்பார். பொருள் கொடுக்கும்போது போகிறவன், வேலை வாங்கும்போது இருக்கிறவன். என்ன நியாயமோ!

மூன்று வருஷத்துக்காரர்களுக்கு இவர்களைக் கண்டாலே குஷி. "என்னடா ஒன்பது மாசத்துக்காரனுங்களா, மாசம் முழுசாச்சா? இடுப்பு வலி எடுத்துருச்சா?" என்று போகிற போக்கில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவார்கள். ஆரினுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆசாவுக்குச் சிரிப்பு வரும்.

அந்த ஆசா ரத்தபேதியில் விழுந்தான். தின்ற ரொட்டி வயிற்றில் தங்கவில்லை, கன்னம் ஒட்டிப்போயிற்று. நோயாளியென்று முன்னதாகவே கப்பலேற்றச் சொல்லி ஆரின் டாக்டரிடம் மன்றாடினான். "அந்த உத்தரவு வர்றதுக்குள்ள உங்க காலமே முடிஞ்சுரும், எதுக்கு அலையுற?" என்று டாக்டர் கையை உதறிவிட்டார்.

மறுநாள் அணிவகுப்பில் ஆரின் வரிசையை விட்டு வெளியே வந்தான். கர்னல், பிளாட்ஜெட், மொத்தப் படையும் பார்க்கக் கத்தினான்.

"எங்க காலம் முடிஞ்சு போச்சு! நாங்க இனிமே உங்க ஆளுங்க இல்ல! எங்கள வீட்டுக்கு விடுங்க!"

அன்று பகல் முழுக்க அவனைத் துப்பாக்கியைத் தோளில் சுமந்தபடி பீப்பாய் மேல் நிற்க வைத்தார்கள். இறங்கி வந்ததும் கூடாரத்துக்குப் போனான்.

"பீப்பாய் மேல நின்னியாமே அண்ணே, அங்கேருந்து நம்ம ஊரு தெரிஞ்சுதா?" என்றான் ஆசா.

"வாய மூடுடா."

"தெரிஞ்சா சொல்லு. அம்மா என்ன சமைக்கிறான்னு பாக்கணும்."

ஆரின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். இவனை உயிரோடு அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சம்பளமும் வேண்டாம், பேரும் வேண்டாம்.

ஒருவழியாக அந்த நாள் வந்தது. காலையில் கர்னல் நாலு நல்ல வார்த்தை பேசி, உங்கள் சேவகம் முடிந்தது என்று அறிவித்தார். தொப்பிகள் பறந்தன. ஆரின் தம்பியைப் போர்வையில் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினான். வெயில் ஏறிக்கொண்டே போனதே தவிர, படகைக் காணவில்லை. அது வந்து கரையில் சேர்ந்தபோது ஆசா போய்விட்டான். தண்ணீர் கேட்டான், ஆரின் கொண்டுவந்து தலையைத் தூக்கினால் கழுத்து நிற்கவில்லை.

பிளாட்ஜெட்டிடம் போனான். சவப்பெட்டிக்குப் பலகையும், குழி வெட்ட இரண்டு பேரும் கேட்டான். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

பிளாட்ஜெட் தொப்பியைக் கழற்றினார். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு தம்பி. ஆனா பலகை ராணுவத்து ஆளுக்குத்தான். உங்க காலம் காலையிலேயே முடிஞ்சுருச்சு. நீதானே அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கத்துன?"

ஆரின் திரும்பிப் பார்த்தான். துறையில் போர்வைக்குள் தம்பி கிடந்தான். ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது.

"முடியலைங்க," என்றான். "தப்பா கத்திட்டேன். அவன் காலம் இன்னும் முடியலைங்க. அவன் உங்க ஆளுதான்."

"அவன் எங்க ஆளுன்னா நீயும் எங்க ஆளுதான். படகுல ஏற முடியாது. அடுத்த படகு எப்போன்னு எனக்கே தெரியாது."

படகு ஊதியது. ஊர்க்காரர்கள் ஆரின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"சரிங்க, நானும் உங்க ஆளுதான்," என்றான் ஆரின். "பலகையக் குடுங்க."