மேளம் நின்ற பதினோரு வினாடிகள்

இருபத்தேழு வருஷம் ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்தே பிழைப்பு நடத்தியவர் நம் தாளக்காரர். தப்பாக நினைத்துவிட வேண்டாம். பெல்லி டான்ஸ் மேடையில் மேளம் வாசிப்பவருக்கு வாய்த்த இடம் அதுதான். ஆடுகிறவள் சபையைப் பார்த்து நிற்பாள். இவர் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, குடுவை போன்ற மேளத்தைத் தொடைமேல் சாய்த்துக்கொண்டு, அவள் இடுப்பு எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று கண்கொட்டாமல் கவனிப்பார். 'தும்' என்றால் ஒரு வெட்டு, 'டக்' என்றால் ஒரு சிலுப்பு. ஆடும்போது அவள் முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. குழுவில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

குழு கலைந்து நான்கு வருஷம் ஆகிறது. மேளம் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. இவர் சாப்பாட்டு மேசை, கதவு, பிரிட்ஜ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டி மனைவியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஓர் இசைப் பள்ளியில் மேளம் கற்றுக்கொடுக்க ஆள் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. வயது தடையில்லை. சபைமுன் வாசித்த பதிவு ஒன்றை மட்டும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இந்த வேலையும் இல்லையென்றால் இனிமேல் தன்னை யாரும் வாசிக்கக் கூப்பிடப் போவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 

பழைய கேசட்டுகளை மகள் முன்பே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை அதை டிவியில் செருகிவிட்டு உட்கார்ந்தார். துணி மடிக்கிற சாக்கில் மனைவியும் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு நிகழ்ச்சிக்குக்கூட அவள் போனதில்லை. பம்பரத்தை 'அந்த இடுப்புக்காரி' என்றே சொல்லிப் பழகியவள்.

"எங்கங்க உங்களைக் காணோம்?"

"அதோ, மூலையில முழங்கை தெரியுதுல்ல? அது நான்தான்."

"ரொம்ப லட்சணமா இருக்கு."

படம் பிடித்தவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி பம்பரத்தையே பிடித்திருந்தார்கள். ஒரு பதிவில் இவருடைய செருப்பு. இன்னொன்றில் பூந்தொட்டிக்குப் பின்னால் அரைத் தலை. மேளச் சத்தம் பாதி இடத்தில் ஏதோ பக்கத்து வீட்டில் ஆணி அடிப்பதுபோல் கேட்டது. மனைவிக்கு மடிக்கும் துணி தீர்ந்து வெகுநேரமாகியும் எழுந்திருக்கவில்லை. "பரவாயில்ல, நல்லாத்தான் ஆடுறா" என்று ஒருமுறை வேண்டாவெறுப்பாகச் சொன்னாள்.

"அந்த ஓட்டல் நிகழ்ச்சியைப் போடறேன், அப்புறம் பேசு" என்றார் தாளக்காரர்.

அந்த நிகழ்ச்சியைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. மற்ற வாத்தியமெல்லாம் ஓய்ந்து, மேளமும் இடுப்பும் மட்டும் மோதிக்கொள்கிற ஆட்டம். நடுவில் இவர் வாசிப்பைக் கேட்டு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியதாம். உற்சாகம் தாங்காமல் பம்பரம் பின்னால் வந்து இவர் முழங்காலையே மிதித்துவிட்டாளாம். மேளக்காரனுக்கு இதைவிட என்ன பட்டம் வேண்டும் என்று மார்தட்டிக்கொள்வார்.

அன்று மண்டபத்தின் தூண் மறைத்ததால் படம் பிடித்தவர் பக்கவாட்டில் போய் நின்றிருந்தார். அதனால் பம்பரத்தின் முகமும் தெரிந்தது, தாளக்காரர் முழுசாகவும் தெரிந்தார். சத்தமும் சுத்தமாக இருந்தது. இதுதான், இதுவேதான் என்று அவர் தொடையைத் தட்டிக்கொண்டார். மூன்று நிமிடம் கை பறந்தது. நான்காவது நிமிடத்தில் மேளம் நின்றது.

திரையில் தாளக்காரரின் தலை மெதுவாக மார்பில் சாய்ந்தது. கைகள் தோல்மேல் கிடந்தன. மனுஷன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

பம்பரம் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிய இடுப்பு தூக்கியபடி நின்றது. ஒரே ஒரு கணம் அவள் கண் மட்டும் விரிந்தது. மறுகணம் உதட்டில் விரலை வைத்து, சபையைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்தாள். மண்டபம் மூச்சடக்கியது. பிறகு இடுப்பை மட்டும் அசைத்தாள். கச்சையில் கோத்த காசுகள் விட்ட இடத்திலிருந்து தாளத்தை எடுத்துக்கொண்டன. அந்தத் தாளத்திலேயே அடிமேல் அடி வைத்துப் பின்னால் நகர்ந்து, முகத்தில் சிரிப்பு மாறாமல், குதிகாலால் இவர் முழங்காலில் ஓங்கி ஒன்று வைத்தாள். இவர் கை துள்ளி மேளத்தில் விழுந்தது. சரியாகத் 'தும்'மில். சபை எழுந்து நின்று கைதட்டியது.

தாளக்காரர் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். திரையில் ஓடிய கணக்குப்படி மேளம் ஓய்ந்திருந்தது பதினோரு வினாடி. முகம் செத்துப்போயிருந்தது. இருபத்து நாலு வருஷமாகச் சொல்லித் திரிந்த பெருமை, மனைவி கண்முன்னாலேயே மண்ணைக் கவ்விவிட்டது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. திரையின் ஓரத்தில் மஞ்சள் எழுத்தில் இருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது பாப்பா ஆஸ்பத்திரியில இருந்த வாரம்."

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு வயது மகளுக்கு இறங்காத ஜுரம். மூன்று ராத்திரி கண்ணே மூடாமல் இருந்துவிட்டு, ஒத்துக்கொண்ட நிகழ்ச்சியை விட முடியாமல் நேராக மேடைக்குப் போயிருந்தார். ஆட்டம் முடிந்ததும் மறுபடி ஆஸ்பத்திரிக்கே ஓடினார். குழுவில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"மாப்பிள்ளைகிட்ட குடுத்தா அந்தப் பதினோரு வினாடியையும் வெட்டி ஒட்டிடுவாரு" என்றாள் மனைவி கொஞ்ச நேரம் கழித்து. "யாருக்கும் தெரியாது. வேற எதுலயும் நீங்க சரியாவே தெரியலையே."

அவருக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. போனைக்கூடக் கையில் எடுத்தார். ஆனால் மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. அந்தப் பதினோரு வினாடியில் அவள் தன் ஆட்டத்தையும் காப்பாற்றி, இவர் மானத்தையும் காப்பாற்றி, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாள். அதற்கப்புறம் எத்தனையோ தடவை இவர் அவள் எதிரிலேயே இந்தக் கதையை அளந்திருக்கிறார். அப்போதெல்லாம் அவளும் தலையாட்டிக் கேட்டிருக்கிறாள். நினைக்க நினைக்கக் கண் நிறைந்தது.

"வெட்டினா அவ செஞ்சதும் சேர்ந்து போயிடுமே?" என்றார்.

"வேலை போனா?"

"போகட்டும்."

 பதிவை அப்படியே அனுப்பினார்கள். விவரம் எழுதும் இடத்தில் அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார்: "நான்காவது நிமிடத்தில் நான் தூங்கிவிட்டேன். தாளத்தை விடாமல் பிடித்திருப்பவர் முன்னால் ஆடுகிறவர். இது எனக்கு இன்றுதான் தெரியும்."

திங்கட்கிழமை பள்ளியின் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். ஆடுகிற பிள்ளைகளையும் வாசிக்கிற பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்து அந்தப் பதிவை நாலு தடவை போட்டுக் காட்டினார்களாம். "அடுத்த வாரமே வந்துடுங்க. நல்லா தூங்கிட்டு வாங்க" என்றார்.

அந்தக் கையோடு தாளக்காரர் பம்பரத்துக்குப் போன் போட்டார். மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே! என்ன திடீர்னு?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் போனே நடுங்கியது.

"ஏன் பம்பரம், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா மறுநாள்லேர்ந்து பயந்து பயந்து வாசிச்சிருப்பீங்கண்ணே. பயந்த கைக்கு நான் எப்படி ஆடறது?"

நன்றி என்று சொல்ல வாயெடுத்தவர் அதற்குப் பதில் மேசையில் 'தும்' என்று ஒரு தட்டு தட்டினார். மனைவி போனை வாங்கினாள். பம்பரத்திடம் அவள் பேசுவது இதுதான் முதல் தடவை.

"நான் அவரோட சம்சாரம் பேசறேன். அன்னிக்கு எங்க பொண்ணுக்கு..."

"தெரியும் அண்ணி. அண்ணனை ஆஸ்பத்திரியில எறக்கிவிட்ட நம்ம வேன் டிரைவர் அப்புறமா சொன்னாரு. விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அண்ணன் வெளியில பெஞ்சுல தூங்கறாரு, நீங்க கட்டில் ஓரத்துல தலைய சாய்ச்சுத் தூங்கறீங்க. பாப்பா மட்டும்தான் முழிச்சிட்டிருந்தா. தொட்டுப் பார்த்தேன், ஜுரம் விட்டிருந்துச்சு. என்னைப் பார்த்துச் சிரிச்சா. எழுப்ப மனசில்லாம அப்படியே கிளம்பிட்டேன்."

மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. பாப்பாவையும் வரச் சொல்றேன். இந்தத் தடவை நாங்க ரெண்டு பேரும் முழிச்சிருப்போம்."